வடிகால் ஆணையர் பதவிக்கு ஐந்து முறை

ஆர்டித் ஸ்வீரிங்காவின் பெயர்ப்பலகைகளை
நான்தான் நட்டேன்.
ஐந்து தேர்தலுக்கும் ஒரே சுத்தியல்.

முதல் முறை, பெயர் பலகைக்குள் அடங்கவில்லை.
கடைசி எழுத்து ஓரத்தில் நசுங்கி நின்றது,
பேருந்தில் கடைசியாக ஏறியவன் மாதிரி.
"போகட்டும் நோர்பர்ட்" என்றாள்,
"தண்ணீருக்குப் படிக்கத் தெரியாது."

எங்கள் மிச்சிகன் கவுண்டியில்
ஷெரீப்பை எல்லாருக்கும் தெரியும்.
நீதிபதியை, தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியும்.
வடிகால் ஆணையர் என்றொருவர் இருப்பது
வீட்டு நிலவறையில் தண்ணீர் ஏறிய அன்றுதான்,
அதுவும் திட்டுவதற்கு.
வாக்குச்சீட்டில் அவருக்கு அடிமூலை.
மேலே இருபது வட்டங்களைக் கறுப்பாக்கி
அலுத்த பேனா அங்கே போய்ச் சேரும்.

ஆகஸ்ட் முதல்சுற்றில் ஜெயித்தவரே ஜெயித்தவர்;
நவம்பர் வெறும் சடங்கு.
டெல்பர்ட் கைப்பர் அப்படி ஏழு ஆகஸ்டுகள் ஜெயித்தார்.
கைகுலுக்கும்போது உங்கள் நாயின் பெயரைச் சொல்வார்.
ஆர்டித்துக்கு உங்கள் வயலின் சரிவு தெரியும்:
நூறு அடிக்கு இரண்டு அங்குலம், வடகிழக்காக.
அதைச் சொல்லி ஓட்டுக் கேட்டால்
யார் போடுவார்கள்?

ஸ்ட்ராபெர்ரி விழா ஊர்வலத்தில்
பிக்கப் வண்டியின் பின்னால் நின்று மிட்டாய் எறிந்தாள்.
பிள்ளைகள் மிட்டாயைப் பொறுக்கினார்கள்.
துண்டுப் பிரசுரங்களைக் காற்று பொறுக்கியது.
இரண்டாம் தோல்விக்குப் பிறகு
அவள் கணவன் ஹார்ம் வருவதை நிறுத்திக்கொண்டான்,
கோபத்தில் இல்லை, முட்டிவலி.
மூன்றாம் முறை நாற்பத்து மூன்று ஓட்டில் போனது.
மறு எண்ணிக்கைக்குப் பணம் கட்டினாள்.
இரண்டு ஓட்டு கிடைத்தது.
அந்த இரண்டு பேரையும் விருந்துக்குக் கூப்பிட வேண்டும் என்றாள்,
யாரென்றுதான் தெரியவில்லை.

பிறகு அந்த மார்ச்.
மாதக்கணக்கில் கிடந்த பனி ஒரே வாரத்தில் உருகியது,
அதன் மேல் மழை.
போல்ஸ்ட்ரா கால்வாய் சாலையைத் தனதென்று எடுத்துக்கொண்டது.
தேவாலயத்து நிலவறையில் மடக்கு நாற்காலிகள் மிதந்தன.
கைப்பர் ஃப்ளோரிடாவில் மீன்பிடித்துக்கொண்டிருந்தார்.
ஆர்டித் இடுப்பளவு ரப்பர் காலணியில் வீடு வீடாக வந்தாள்.
ஓட்டுக் கேட்கவில்லை.
தண்ணீர் ஏறிய உயரத்தில்
தச்சன் பென்சிலால் சுவரில் ஒரு கோடு,
பக்கத்தில் தேதி. அவ்வளவுதான்.
என் வீட்டிலும் போட்டாள், துணி துவைக்கும் மெஷினுக்கு மேலே.

ஆகஸ்டில் பதினோரு ஓட்டு வித்தியாசம்.

நான்கு வருடம்.
பதினேழு மைல் கால்வாயைத் தூர் வாரினாள்.
கரையில் கவிந்த வில்லோ மரங்களை வெட்டினாள்,
அதற்கு ஒரு வழக்கு.
இடிந்த குழாய்களை மாற்றினாள், அதற்கு மூன்று.
பிறகு செலவுக்கணக்கு வீடுகளுக்கு வந்தது.
என் பங்கு ஆயிரத்து நூற்று நாற்பது டாலர்.
அந்தக் கடிதத்தில்
அவள் பெயரின் கடைசி எழுத்து நசுங்காமல் இருந்தது.

ஐந்தாம் முறையும் பலகை நட்டேன்.
எண்பத்தாறு பலகைகள், என் வேலியோரம் இரண்டு.
சாவடிக்குப் போய்
மேலிருந்து ஒவ்வொரு வட்டமாகக் கறுத்துக்கொண்டே வந்து
அடிமூலையில்
கை நின்றது.
கைப்பரின் மருமகனுக்கும் போடவில்லை.
வட்டத்தை வெள்ளையாகவே விட்டு
சீட்டை மெஷினுக்குள் தள்ளினேன்.

அவள் தோற்றது அறுநூறு ஓட்டில்,
என் ஒன்றால் ஆவது ஒன்றுமில்லை.
இந்தக் கணக்கை இரவில் பலமுறை போட்டிருக்கிறேன்.
எப்போதும் சரியாகவே வருகிறது.

மறுவாரம் இருவரும் பலகைகளைப் பிடுங்கினோம்.
கம்பிகளை என் வண்டியிலேயே போட்டாள்:
"தக்காளிக்கு முட்டுக் கொடு, வீணாக்காதே."
எங்கள் வார்டு எண்ணிக்கை
மடித்த தாளாக அவள் சட்டைப்பையில் எட்டிப் பார்த்தது.
ஆணையர் பதவிக்கு மட்டும்
வெற்று வட்டங்கள் எத்தனை என்று அதில் இருக்கும்.
அவள் எதையும் கூட்டிப் பார்க்காமல் விடுகிறவள் இல்லை.

இந்த மார்ச்சிலும் பனி ஒரே வாரத்தில் உருகியது.
நள்ளிரவில் விளக்கோடு கீழே இறங்கிப் பார்த்தேன்.
தரை காய்ந்து கிடந்தது.
மெஷினுக்கு மேலே கோடு,
அவள் கையெழுத்தில் தேதி.
வெளியே, சாலைக்கு அந்தப் பக்கம்,
என் வயல் தண்ணீர்
வடகிழக்காகப் போய்க்கொண்டிருந்தது.